வளைவுக்கு வளைவு ஹாரன்

நாக்சோஸ் தீவு, கிரேக்க நாடு
8 செப்டம்பர் 2025

பிரவீனா அப்பாவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். சென்னையிலிருந்து தோகா, அங்கிருந்து ஏதென்ஸ், ஏதென்ஸிலிருந்து கப்பலில் இந்தத் தீவு. கப்பலில் ஒரு வெள்ளைக்காரர் என் பக்கத்து நாற்காலியைக் காட்டி, யாராவது வருகிறார்களா என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. வருவார் என்று தலையாட்டிவிட்டேன். அவர் வேறு இடம் தேடிப் போய்விட்டார். வழி முழுக்க அந்த நாற்காலியில் என் கைப்பைதான் உட்கார்ந்து வந்தது.

கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆனதற்கு மகள் ஹாம்பர்க்கிலிருந்து ஆசை ஆசையாக ஏற்பாடு செய்த பயணம் இது. பெட்டியைக் கட்டினீர்கள், புதுச் சட்டை வாங்கினீர்கள், விமான நிலைய வாசல் வரை வந்தீர்கள். அங்கே நின்று "நீ போய்ட்டு வா வாணி, நான் வரல" என்றீர்கள். ஏன் என்று கேட்டேன். "வரலன்னா வரல" என்று திரும்பி நடந்தீர்கள். என் பின்னால் ஒரு குடும்பம் தள்ளுவண்டியோடு இடித்துக்கொண்டு நின்றது. எனக்கும் ரோஷம் வந்தது. உள்ளே போய்விட்டேன்.

இங்கே பஸ் குறைவு, கார் இல்லாமல் ஒன்றும் பார்க்க முடியாது என்று பிரவீனா வாடகைக் காருக்கும் பதிவு செய்திருந்தாள். அதுதான் உங்களுக்கு உறுத்தியது என்று எனக்குத் தெரியும். கண்ணில் பிரஷர், இனி வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு நீங்கள் டாக்சியை விட்டீர்கள். நான் பட்டுக்கடை வேலை முடிந்து போய் ஓட்டக் கற்றுக்கொண்டு லைசன்ஸ் எடுத்தேன். இந்த இரண்டு வருஷத்தில் ஒருநாளாவது நான் ஓட்டி நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்ததுண்டா? பொண்டாட்டி ஓட்டுகிற காரில் ஊர் பார்ப்பது உங்களுக்குக் கௌரவக் குறைச்சல். அதைச் சொல்லிவிட்டே திரும்பியிருக்கலாம்.

இன்று காரை எடுத்தேன். சின்ன வெள்ளைக் கார். நம் வழக்கப்படி நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும் என்று கையால் ஜாடை காட்டினேன். கடைக்காரருக்குப் புரியவில்லை. தாகமாக்கும் என்று தண்ணீர் கொண்டுவந்தார். அப்புறம் புரிந்துகொண்டு, பின்பக்கம் இருந்த மரத்திலிருந்தே பறித்துத் தந்தார். சாவிக்கொத்தில் ஒரு நீலக் கண்ணைக் கோத்து வைத்திருக்கிறார். இவர்களுக்கும் திருஷ்டி உண்டாம்.

பழக்கதோஷத்தில் வலதுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். எதிரே ஸ்டியரிங் இல்லை. அது இந்த ஊரில் இடதுபக்கம். கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார், நான் இறங்கவில்லை. யாரோ வந்து ஓட்டப்போகிறார்கள் என்பதுபோலக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

போன் செய்யாதீர்கள். நீங்கள் கத்துவீர்கள், நான் வைத்துவிடுவேன். இதேபோல மெயிலில் எழுதுங்கள். ஏன் திரும்பிப் போனீர்கள் என்பதற்கு உண்மையான காரணத்தை நான் இங்கிருந்து கிளம்புவதற்குள் எழுத வேண்டும். எழுதாவிட்டால் வீட்டுக்கு வர மாட்டேன். விமானத்தைவிட்டு இறங்கி நேராக ஐயம்பேட்டைக்கு அகிலா வீட்டுக்குப் போய்விடுவேன். தங்கச்சி என்னை ஏன் வந்தாய் என்று கேட்க மாட்டாள்.

கலைவாணி


திருப்புட்குழி
9 செப்டம்பர் 2025

வாணிக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது சந்தோஷம். மேலே ஊரின் பெயரைப் பார்த்து யோசிக்காதே. நான் நம் வீட்டில் இல்லை. எப்படி இருக்க முடியும்? தெருவே கூடி நமக்குச் சால்வை போட்டு, படம் எடுத்து, "காஞ்சிபுரத்துக்கே காரோட்டின தினகரன் கப்பல் ஏறப் போறாரு" என்று வழியனுப்பியது. அன்று ராத்திரியே நான் பெட்டியோடு திரும்பி வந்தால் எந்த முகத்தோடு நிற்பது? வீரபத்திரனுக்குப் போன் செய்தேன். டாக்சி ஸ்டாண்டில் என்னோடு இத்தனை வருஷம் வண்டி போட்டவன், ஒன்றும் கேட்கவில்லை. திருப்புட்குழியில் அவன் மச்சினன் வீட்டு மாடி அறை காலியாக இருந்தது, அங்கே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான்.

ஆகவே ஊரைப் பொறுத்தவரை நானும் உன்னோடு கிரீஸில் இருக்கிறேன். திரும்பி வந்ததும் ஆளாளுக்குக் கேட்பார்கள். நீ ஒரு உதவி செய். பார்த்ததையெல்லாம் விவரமாக எழுது. கடல் எப்படி, மலை எப்படி, என்ன சாப்பிடுகிறார்கள், எல்லாம். நான் மனப்பாடம் செய்துகொள்கிறேன்.

காரணம் கேட்கிறாய். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டாமா? வேறொன்றும் இல்லை.

வண்டி விஷயம் கவனமாகக் கேள். நம் ஊரில் சாலையின் நடுக்கோடு உன் வலது தோளுக்குப் பக்கம் இருக்கும். அங்கே இடது தோளுக்குப் பக்கம் இருக்க வேண்டும். அதை மட்டும் பிடித்துக்கொண்டால் தப்பு வராது. மலை ஏறும்போது அவசரப்படாதே. இறங்கும்போது சின்ன கியர். வளைவு வந்தால் ஹாரன் அடி. எதிரில் வருகிறவனுக்கு நீ இருப்பது தெரிய வேண்டும். ஏலகிரியில் ஒரு வளைவுகூட நான் ஹாரன் அடிக்காமல் திரும்பியதில்லை.

இங்கே ஜடாயு தீர்த்தக் குளம் பக்கத்தில்தான். சாயங்காலம் படியில் போய் உட்காருகிறேன். பேசுவதற்கு ஆள் இல்லை. யாராவது அடையாளம் கண்டுகொள்வார்களோ என்று தலையில் துண்டு போட்டுக்கொண்டிருக்கிறேன்.

தினகரன்


நாக்சோஸ்
10 செப்டம்பர் 2025

பிரவீனா அப்பாவுக்கு,

வீட்டைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்டேன் என்கிறீர்கள். இருப்பதோ திருப்புட்குழி மாடியில். வீடு பூட்டிக் கிடக்கிறது. பொய் சொல்வதற்கும் கொஞ்சம் சாமர்த்தியம் வேண்டும், அது உங்களுக்கு எப்போதும் கிடையாது.

உங்கள் பொய்க்கு நான் ஏன் எழுதித் தர வேண்டும் என்றுதான் நேற்று முழுக்க இருந்தேன். ஆனால் இங்கே எனக்கும் பேச ஆள் இல்லை. விடுதியில் கணவனும் மனைவியுமாக வந்தவர்கள்தான் எல்லாரும். காலையில் இரண்டு கோப்பை, இரண்டு தட்டு வைத்துவிடுகிறார்கள். ஒன்று போதும் என்று சொன்னேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே மறுநாளும் இரண்டு வைத்தாள். அதனால் எழுதுகிறேன். உங்களுக்காக அல்ல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடலைக் கேட்டீர்கள். கடையில் புடவை எடுத்துப் போடுகிறவளிடம் கேட்டால் நிறமாகத்தான் சொல்ல வரும். கரையை ஒட்டி ராமா பச்சை. கொஞ்சம் தள்ளி மயில் கழுத்து. அதற்கும் அப்பால் ஆனந்தா நீலம், அந்த இடத்தில் வெயில் படும்போது ஜரிகை இழுத்த மாதிரி ஒரு கோடு ஓடுகிறது. கடையில் ஒரே புடவையில் இத்தனை நிறம் கேட்டால் கூடாது, கண்ணை உறுத்தும் என்று நானே சொல்லியிருப்பேன்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திட்டில் பளிங்குக்கல்லால் ஒரு வாசல் நிற்கிறது. வாசல் மட்டும்தான். ஏதோ ராஜா கோயில் கட்ட ஆரம்பித்து, நிலையை நிறுத்தியதோடு நின்றுபோனதாம். பின்னால் கர்ப்பக்கிரகம் இல்லை, சாமி இல்லை, நேரே கடல். எல்லாரும் அதற்குள் ஜோடியாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். என்னையும் எடுக்கச் சொன்னார்கள். பத்துப் பதினைந்து ஜோடிக்கு எடுத்துக் கொடுத்திருப்பேன். எனக்கு எடுக்கட்டுமா என்று ஒருத்தர் கேட்டார், வேண்டாம் என்றேன்.

அப்போது மகாபலிபுரம் ஞாபகம் வந்தது. கல்யாணமான புதிதில் கூட்டிப்போகிறேன் என்றீர்கள். போனால், பின் இருக்கையில் ஒரு பிரெஞ்சுக்காரக் குடும்பம். சவாரியோடு சவாரியாக என்னை முன்னால் உட்காரவைத்திருந்தீர்கள். அவர்கள் இறங்கிப் போய்க் கோயிலைப் பார்த்தார்கள். வண்டியைவிட்டு டிரைவர் நகரக்கூடாது என்று நீங்கள் நின்றீர்கள். நானும் உங்களோடு வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஊரில் எல்லார் பொண்டாட்டியும் உங்கள் காரில் ஊர் சுற்றினார்கள். இந்த ஒரு தடவையாவது நமக்கு என்று நினைத்தேன். அதுதான் எனக்கு ஆறவில்லை.

உண்மையை எழுதுங்கள்.

கலைவாணி


திருப்புட்குழி
11 செப்டம்பர் 2025

வாணிக்கு,

உன் கடிதத்தைக் காலையிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். ராமா பச்சை, மயில் கழுத்து, ஆனந்தா நீலம். வரிசை பிசகாமல் சொல்ல வந்துவிட்டது. அந்த வாசலையும் சொல்லிப் பார்த்தேன். அதன் உயரம் எவ்வளவு என்று எழுதவில்லையே? நம் வீட்டு மாடியளவு இருக்குமா? தெருவில் கேட்பார்கள்.

மகாபலிபுரத்தை இத்தனை வருஷம் மனதில் வைத்திருந்தாயா? அன்று சொல்லியிருந்தால் என்ன? நானும் சின்னப் பையன், வண்டி முதலாளியுடையது, கீறல் விழுந்தால் வேலை போய்விடும் என்ற பயம். இப்போது எழுதி என்ன பிரயோஜனம்.

இங்கே எனக்கும் ஒன்றும் சுகமில்லை. நேற்றுக் குளத்தில் இறங்கும்போது முழங்கால் சிராய்ந்துவிட்டது. படி சரியில்லை. மாடிப்படியும் ஒரே குறுகல். சாப்பாடு கீழ்வீட்டு அம்மா தருகிறார். "உங்க ஊட்டுக்காரம்மா எங்கேபா?" என்று கேட்டார். வெளிநாடு போயிருக்கிறாள் என்றேன். நம்பவில்லை. கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாய் என்று அவருக்கு எண்ணம். "வந்துருவாங்கபா, மனசு ஒடிஞ்சிடாதீங்க" என்று ரசம் இன்னொரு கரண்டி ஊற்றினார்.

காரணம், காரணம் என்று நச்சரிக்கிறாய். நீ சொன்னதுதான் காரணம் என்றே வைத்துக்கொள். ஆமாம், நேற்று லைசன்ஸ் எடுத்தவள் பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார எனக்கென்ன தலையெழுத்து? போதுமா? நம் காரை வீரபத்திரனிடம் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். வீட்டு வாசலில் உறை போட்டு நிற்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. நீ திரும்பி வந்ததும் பேசி முடித்துவிடலாம்.

மலைப்பக்கம் போகிறாயா? சாலை ஓரத்தில் தடுப்புச்சுவர் இருக்கிறதா? எழுது.

தினகரன்


நாக்சோஸ்
13 செப்டம்பர் 2025

பிரவீனா அப்பாவுக்கு,

இன்று சனிக்கிழமை. மலைப்பக்கம்தான் போனேன். சுவர் இருக்கிற இடத்தில் இருக்கிறது, இல்லாத இடத்தில் இல்லை. இல்லாத இடத்தில் கீழே பார்க்காமலே ஓட்டினேன். நடுக்கோடு இடது தோளுக்குப் பக்கம் என்று சொல்லிக்கொண்டே ஏறினேன். உங்கள் பேச்சை எத்தனை கேட்கிறேன் பாருங்கள், வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தேன். அந்த மலையில் வளைவைத் தவிர வேறு சாலையே இல்லை. வழி நெடுக ஹாரன்தான்.

மேலே ஒரு ஊர். தெருவே பளிங்குக்கல். ஊருக்குள் நுழைகிற இடத்திலும் இரண்டு மூன்று வளைவு, நானும் விடாமல் அடித்துக்கொண்டே நுழைந்தேன். பார்த்தால் வீட்டுக்கு வீடு ஆள் வெளியே வருகிறார்கள். மாடியில் நின்று கையசைக்கிறார்கள். ஒரு அம்மா கைதட்டினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. காஞ்சிபுரத்துக்காரி வந்திருக்கிறாள் என்று இவர்களுக்கு யார் சொன்னது என்றுகூட நினைத்தேன்.

வண்டியை நிறுத்தினதும் நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள். அந்த அம்மா பின் கண்ணாடியில் கையை வைத்து உள்ளே எட்டிப் பார்த்தார். பின் இருக்கையில் என் தண்ணீர் பாட்டிலும் குடையும் இருந்தது. என்னைப் பார்த்தார். அப்புறம் ஆங்கிலம் தெரிந்த ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். இந்த ஊரில் யாரும் வளைவில் ஹாரன் அடிப்பதில்லையாம். இப்படி விடாமல் அடித்துக்கொண்டு வந்தால் அது கல்யாண ஊர்வலம். பொண்ணு மாப்பிள்ளை வந்தால் வாழ்த்துவதற்காக எல்லாரும் வாசலுக்கு வருவார்களாம்.

நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது? அந்த அம்மாவுக்கு மட்டும் சமாதானம் ஆகவில்லை. என் கழுத்துத் தாலியைப் பிடித்துப் பார்த்து ஏதோ கேட்டார். "மாப்பிள்ளை எங்கேன்னு கேக்குறாங்க" என்கிற மாதிரி அந்தப் பெண் ஆங்கிலத்தில் சொன்னாள். ஊரில் இருக்கிறார் என்றால் ஏன் வரவில்லை என்பார்கள். அந்தக் கேள்விக்கு எனக்கே பதில் தெரியாது. அத்தனை பேர் நடுவில் அழுதுவிட்டேன். நான் விதவை என்று நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. அந்த அம்மா என்னைக் கட்டிக்கொண்டார், கையில் சர்க்கரை பூசின பாதாம்பருப்பை வைத்து மூடினார். அப்படி இல்லை, ஆள் நன்றாகத்தான் இருக்கிறார் என்று சொல்லவும் எனக்கு மொழி இல்லை.

இறங்கும்போது ஒரு வளைவில்கூட ஹாரன் அடிக்கவில்லை.

நேற்று லைசன்ஸ் எடுத்தவள் என்றீர்கள். உங்கள் கண்ணுக்கு ஒன்று ஆனால் ஆஸ்பத்திரிக்காவது கூட்டிப்போக ஆள் வேண்டுமே என்றுதான் நான் அதைக் கற்றுக்கொண்டேன். பயந்து பயந்து கற்றுக்கொண்டேன். காரைக் கொடுத்துவிடுங்கள். எனக்கு அதில் ஒன்றும் இல்லை. அகிலாவுக்கு எழுதிவிட்டேன், பதினெட்டாம் தேதி காலையில் நேரே வருகிறேன் என்று. இனிமேல் உங்களுக்கு எழுத மாட்டேன். தெருவுக்குச் சொல்ல இதுவரைக்கும் எழுதினது போதும்.

கலைவாணி


திருப்புட்குழி
15 செப்டம்பர் 2025

வாணிக்கு,

எழுதி எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன். இதை அழிக்காமல் அனுப்பிவிட வேண்டும்.

உன் ஓட்டுதலைப் பற்றி எழுதியது வாய்க்கொழுப்பு. நீ நன்றாகத்தான் ஓட்டுகிறாய். நீ காரை வெளியே எடுக்கும் சத்தத்தை உள்ளே இருந்து கேட்பேன். கியர் மாறுகிற சத்தத்திலேயே எனக்குத் தெரியும்.

கண்ணில் பிரஷர் என்பது உனக்குத் தெரியும். அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரியாது. ஆடி மாதம் வீரபத்திரனைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். ஓரப் பார்வை போய்விட்டது, போனது திரும்ப வராது என்றார் டாக்டர். நடுவில் மிச்சமிருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து. அதுவும் எத்தனை நாளைக்கு என்று அவரால் சொல்ல முடியவில்லை. இப்போது எழுத்து தெரிகிறது. நேரே நின்றால் முகம் தெரிகிறது. சுற்றி ஒன்றும் இல்லை. நூல் சுற்றுகிற குழலின் ஓட்டை வழியாகப் பார்க்கிற மாதிரி. குளத்துப் படியில் குற்றம் இல்லை, நான்தான் பார்க்கவில்லை.

அப்படியும் வரத்தான் கிளம்பினேன். சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். விமான நிலைய வாசலில் காவலர் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, கூட யார் என்று கேட்டார். உன்னைக் காட்டத் திரும்பினேன். நீ இல்லை. வலதுபக்கம் தேடினேன், பின்னால் தேடினேன். ஒவ்வொன்றாக யார் யார் முகமோ வந்தது, உன் முகம் வரவில்லை. அப்போது "இங்கதானே இருக்கேன்" என்று உன் குரல் கேட்டது. நீ என் இடது தோளை ஒட்டி நின்றுகொண்டிருந்தாய் வாணி. உன் புடவை என் கையில் பட்டுக்கொண்டிருந்தது.

பக்கத்தில் நிற்கிற பொண்டாட்டியைக் கண்டுபிடிக்க முடியாதவன் தீவைச் சுற்றிப் பார்த்து என்ன செய்வான்? நீ "அதோ பாருங்க" என்பாய். நான் தேடி எடுப்பதற்குள் வண்டி அதைத் தாண்டியிருக்கும். ஆமாம், ஆமாம் என்று பத்து நாளும் பொய் சொல்ல வேண்டும். நீ முதல் நாளே கண்டுபிடித்துவிடுவாய், அப்புறம் நீயும் ஒன்றும் பார்க்க மாட்டாய். மகாபலிபுரம் மாதிரி என்னைக் காவல் காத்துக்கொண்டு நிற்பாய். அதனால்தான் திரும்பினேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. என்னைக் கைப்பிடித்துக் கூட்டிப்போகிற வேலை உன் தலையில் விழும். அது என்றைக்கு உனக்கு அலுத்துப்போகும் என்று பயம். அகிலா வீட்டுக்குப் போவதானால் போ. நான் குறை சொல்ல மாட்டேன். எழுதுவதை மட்டும் நிறுத்தாதே. தெருவுக்குச் சொல்ல என்று கேட்டதும் பாதிதான் உண்மை. நீ எழுதினால் எனக்கு முழுசாகத் தெரிகிறது.

தினகரன்


நாக்சோஸ்
16 செப்டம்பர் 2025

பிரவீனா அப்பாவுக்கு,

காரைக் கடற்கரை ஓரமாக நிறுத்திவிட்டு உங்கள் கடிதத்தைப் படித்தேன். முதலில் கோபம்தான் வந்தது, இப்போதும் இருக்கிறது. ஆடியிலிருந்து இதை வைத்துக்கொண்டு, பக்கத்தில் படுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீரபத்திரனுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. நான் கடையில் யார் யாருக்கோ புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். இதற்கு நீங்கள் என்னிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொள்ளப் போகிறீர்கள், அதற்காகவாவது வீட்டுக்கு வருகிறேன்.

படித்து முடித்ததும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கையைக் குழலாக மடக்கி அதன் வழியாகப் பார்த்தேன். ஒரு படகு தெரிந்தது. கடல் தெரியவில்லை. கையை நகர்த்தி நகர்த்தித் தேடினேன், ஒரு பாறை, ஒரு குழந்தையின் தொப்பி, மறுபடியும் படகு. நீங்கள் இத்தனை நாளாக இதில் தனியாக இருந்திருக்கிறீர்கள்.

அலுத்துப்போகுமா என்று கேட்டால், போகலாம். சில நாள் போகும். இப்போது மட்டும் உங்களோடு அலுப்பே இல்லாமலா இருக்கிறேன்? அலுத்தால் கத்துவேன், நீங்களும் கத்துங்கள்.

அகிலாவிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். தெருவில் கேட்டால் நீங்கள் போகவில்லை, கண் சரியில்லை என்றே சொல்லிவிடுவோம். தலையில் துண்டு போட்டுக்கொண்டு இருக்க நீங்கள் ஒன்றும் திருடவில்லை.

பதினெட்டாம் தேதி காலையில் சென்னையில் இறங்குகிறேன். வீரபத்திரனை ஓட்டச் சொல்லி நம் காரிலேயே வாருங்கள். நான் வெளியே வருகிற வழியில் கூட்டம் நெரியும், ஒரே சமயத்தில் நாலு விமானம் இறங்கும். நீங்கள் என்னைத் தேடாதீர்கள். எங்கேயாவது ஒரே இடத்தில் நில்லுங்கள். நான் வந்து உங்களுக்கு நேரெதிரே நிற்கிறேன்.

கலைவாணி